லோயர் ஆர்ம் போல்ட் திரும்பத் திரும்ப லூஸ் ஆகிறது: ஸ்பிரிங் வாஷரா, லாக்டைட்டா, வெல்டிங்கா?

பெங்களூரில் ராமமூர்த்தி நகரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் ஓடும் பத்து வருடத்து ஹேட்ச்பேக். முன்பக்கம் இரண்டு லோயர் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) வெளிக்கடைப் பாகம் வாங்கி மாற்றி நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் இடதுபக்க ஆர்மின் முன் போல்ட் இரண்டு முறை லூஸ் ஆகிவிட்டது. பிரேக் போட்டால் ஒரு 'டக்', கிளம்பும்போது இன்னொரு 'டக்'. பட்டறையில் இரண்டு முறையும் ஏர் கன்னால் இறுக்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஸ்பிரிங் வாஷர் போடலாம், சிவப்பு லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) ஊற்றலாம், அதற்கும் அடங்காவிட்டால் நட்டில் ஒரு பொட்டு வெல்டு வைத்துவிடலாம் என்கிறார்கள். இந்த மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே வேண்டாம். இடதுபக்கம் மட்டும், அதுவும் அதே போல்ட் மட்டும் கழல்கிறது என்றால் அந்த இணைப்புக்குள் ஏதோ ஒன்று நகர்கிறது. அது என்னவென்று பார்க்காமல் போல்ட்டை மட்டும் பூட்டி வைத்தால் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். கழல்வதற்குப் பதிலாக ஒருநாள் போல்ட் முறியும். காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோவதானாலும் பிளாட்பெட்டில் ஏற்றிப் போவதுதான் நல்லது. லோயர் ஆர்மின் முன் போல்ட் வெளியே வந்துவிட்டால் சக்கரம் பின்னால் மடங்கி வீல் ஆர்ச்சில் போய் முட்டும்.

முதலில், இந்த போல்ட் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்மின் முன் புஷ்ஷுக்கு (ரப்பர் உறைக்கு) நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. ஸ்லீவ் என்பார்கள். ஆர்மைப் பிடிக்கும் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு (பக்கத் தகடுகளுக்கு) நடுவே அந்தக் குழாய் உட்காருகிறது. போல்ட் இரண்டு காதுகளையும் குழாயின் இரண்டு முனைகளோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. பிரேக் போடும்போது வரும் சுமையைத் தாங்குவது போல்ட்டின் தண்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரியாக இறுக்கிய இணைப்பில் அந்தச் சுமையைத் தாங்குவது காதுக்கும் குழாய் முனைக்கும் இடையில் உள்ள உராய்வுதான். லாரியில் சரக்கை இழுத்துக் கட்டும் கயிறு மூட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்துவதில்லை, கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பதால் மூட்டை வழுக்காமல் நிற்கிறது. போல்ட்டும் அப்படித்தான். அந்த அழுத்தம் போதாமல் போனால் குழாய் முனை காதின்மேல் வழுக்கத் தொடங்கும்.

கொஞ்சம் கணக்கு. எம்12 போல்ட்டை (12 மில்லிமீட்டர் விட்டம்) 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், மரை காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கும் நிலையில் சுமார் 33 கிலோ நியூட்டன் பிடிப்பு கிடைக்கும். கிட்டத்தட்ட மூன்றரை டன். நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி, நட்டின் அடிப்பரப்பு உராய்வதிலேயே போய்விடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மிஞ்சும் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது. அந்த நீட்சி எவ்வளவு? அறுபது மில்லிமீட்டர் பிடியுள்ள போல்ட்டில் சுமார் 0.11 மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவே. இந்த இத்துனூண்டு நீட்சியில்தான் மூன்றரை டன் பிடிப்பும் நிற்கிறது. பிராக்கெட்டில் பூசிய பெயின்ட் இரண்டு முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஓட ஓட நசுங்கி 0.02 மில்லிமீட்டர் மெலிந்தால்கூட பிடிப்பில் சுமார் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நட் ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இறுகித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் கழலும் வேலை ஆரம்பிக்கிறது. போல்ட் தானாகக் கழல்வதற்கு முக்கியக் காரணம் போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு அல்ல, குறுக்குவாட்டில் வரும் வழுக்கல் என்று 1969-ல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். பிடித்துள்ள முகங்கள் பக்கவாட்டில் வழுக்கும் ஒவ்வொரு முறையும் மரையில் உள்ள உராய்வு ஒரு கணம் இல்லாமல் போகிறது. மரை ஒரு சரிவுப் பாதை என்பதால் அந்தக் கணத்தில் நட் கழலும் பக்கம் துளி நகர்கிறது. உங்கள் வழியை யோசித்துப் பாருங்கள். அவுட்டர் ரிங் ரோடு, சில்க் போர்டு, ஓசூர் ரோடு. ஊர்ந்து ஊர்ந்து பிரேக், மறுபடி கிளட்ச். ஒவ்வொரு பிரேக்குக்கும் லோயர் ஆர்ம் பின்னால் தள்ளப்படுகிறது, கிளம்பும்போது முன்னால் இழுக்கப்படுகிறது. நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி போய் வருவதைவிட ஒரு நாள் ஆபீஸ் போய் வருவதில் இந்த முன்னும் பின்னுமான சுமை மாற்றம் பல மடங்கு அதிகம். பள்ளமும் ஹம்ப்பும் சத்தத்தை வெளியே கொண்டுவரும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாலும் பிரேக்தான்.

ஸ்பிரிங் வாஷரை இப்போதே ஒதுக்கிவிடலாம். எம்12 அளவுக்கான ஸ்பிரிங் வாஷர், முழுப் பிடிப்பில் மிகச் சிறு பங்கு வரும்போதே தட்டையாக நசுங்கிவிடும். அதற்கு மேல் அது வெட்டு விழுந்த ஒரு சாதாரண வாஷர். யுங்கர் முறைச் சோதனைகளில் ஸ்பிரிங் வாஷர் போட்ட இணைப்பு, ஒன்றும் போடாத இணைப்பைவிடச் சீக்கிரம் கழன்றதும் உண்டு. அந்த வாஷருக்கு இருந்த டி.ஐ.என் 127 என்ற ஜெர்மன் தரநிலையையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். கார் கம்பெனி அந்த இடத்தில் போடாத வாஷரை நாம் போட்டால் நசுங்குவதற்கு இன்னும் இரண்டு முகங்கள் கூடியதுதான் மிச்சம்.

இனி உங்கள் வண்டி. நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் கழன்றிருந்தால் இறுக்கிய முறையில் கோளாறு என்பேன். ஒரு பக்கம் மட்டும் என்பதால் என் சந்தேகம் முதலில் புது ஆர்மின் ஸ்லீவ்மேல் போகிறது, அடுத்து பிராக்கெட்டின் ஓட்டைமேல், மூன்றாவதாக மரைமேல்.

ஸ்லீவ் விஷயத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கழற்றிய பழைய ஆர்ம் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கம்பெனி ஆர்ம் ஒன்றைக் கடையில் வைத்து ஒப்பிடுங்கள். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் கவுன்டரில் நின்றபடியே வெர்னியர் காலிப்பரால் இரண்டு ஸ்லீவின் நீளத்தையும் அளக்கலாம். ஒரு நிமிட வேலை. புதியது ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே பிரச்சினைதான். அப்போது போல்ட்டை இறுக்கும்போது முறுக்கெல்லாம் பிராக்கெட்டின் காதுகளை உள்ளே வளைக்கச் செலவாகும். டார்க் ரென்ச் (குறித்து வைத்த முறுக்கு, அதாவது டார்க், வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர்) 'கிளிக்' என்று சொல்லிவிடும், ஆனால் ஸ்லீவின்மேல் போதிய அழுத்தம் விழுந்திருக்காது. நீளம் சரியாக இருந்தால் முனையைப் பாருங்கள். நல்ல ஸ்லீவின் முனையில் நுண்ணிய பல்வரிசை இருக்கும், அது காதைக் கடித்துக்கொள்ளும். மலிவான பாகத்தில் முனை வழவழவென்று இருக்கும், அல்லது குழாயின் சுவர் மெல்லியதாக இருந்து இறுக்கிய இறுக்கில் ஓரம் பிதுங்கியிருக்கும். அப்படிப் பிதுங்கியது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும், பிடிப்பும் அதோடு சேர்ந்து இறங்கும். இதில் எது தெரிந்தாலும் எந்த லாக்கும் உதவாது. ஆர்மை மாற்ற வேண்டியதுதான்.

பிராக்கெட்டைப் பார்க்க ஆர்மைக் கழற்றியே ஆக வேண்டும். காதின் உள்முகத்தில், ஸ்லீவ் உட்காரும் வளையத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளியாக மின்னும் தேய்மானமும் ஓரத்தில் செங்காவி நிறத்தில் மாவு போன்ற தூளும் இருந்தால், அங்கே உலோகம் உலோகத்தின்மேல் உரசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சாதாரணத் துரு இப்படிப் பொடியாக நிற்காது. இந்தத் தூளை விரலால் தொட்டால் விரல் சிவக்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் அதே தூள் கறுத்த சேறாகத் தெரியும். பிறகு ஓட்டையைப் பாருங்கள். அதே போல்ட்டை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு திசையில் மட்டும் அதிக இடைவெளி தெரிகிறதா? ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் சப்ஃபிரேமை (பிராக்கெட் இருக்கும் அடிச்சட்டம்) மாற்றுவது அல்லது தகுதியான ஃபேப்ரிகேட்டரிடம் காதை உறுதிப்படுத்தி ஓட்டையைச் சரிசெய்வது, இரண்டில் ஒன்றுதான். கொஞ்சம்போல் நீண்ட ஓட்டை புதிய ஸ்லீவும் முழு டார்க்கும் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதை முடிவு செய்ய நேரில் பார்க்கும் கண் வேண்டும். காதைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதும் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பிராக்கெட் போனது போனதுதான்.

மூன்றாவது மரை. பல சிறிய கார்களில் இந்த போல்ட் தனி நட்டுக்குள் போகாது. சப்ஃபிரேமுக்குள் வெல்டு செய்து வைத்த நட்டுக்குள் போகும். அந்த நட்டுக்குள் பத்து வருட மழைத் தண்ணீரும் துருவும் இருக்கும். துருப்பிடித்த மரை முறுக்கை விழுங்கிவிடும். கிளிக் வந்துவிடும், பிடிப்பு வந்திருக்காது. சோதனை எளிது: மரையைச் சுத்தம் செய்தபின் புதிய போல்ட் விரலாலேயே முழுநீளமும் உள்ளே போக வேண்டும். நடுவில் மாட்டினால் அதே பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) உள்ள டாப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையால் மெதுவாக ஓட்டி, பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். போல்ட்டைக் கழற்றியபோது அதன் மரையோடு சுருள் சுருளாக உலோக இழை வந்திருந்தால் உள் மரை உரிந்துவிட்டது. அதற்கு ஹெலிகாயில் போன்ற மரைச் செருகல் போடலாம், அனுபவமுள்ளவர் கையால். இன்னொரு கண்ணி, போல்ட்டின் நீளம். ஒரிஜினலைவிட மரைப்பகுதி குறைவாக உள்ள போல்ட்டைப் போட்டால், மரையில்லாத தண்டு நட்டின் வாயில் முட்டி நின்றுவிடும். அப்போதும் டார்க் ரென்ச் கிளிக் என்று பொய் சொல்லும்.

போல்ட்டைப் பொறுத்தவரை, இரண்டு முறை லூஸ் ஆகி ஓடிய போல்ட்டை மூன்றாம் முறை போடக் கூடாது. வளைந்தும் தேய்ந்தும் இருக்கும், களைப்பு விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கம்பெனி பாக எண்ணைச் சொல்லி போல்ட்டும் நட்டும் புதிதாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் 'பன்னிரண்டு எம்எம்' என்று கேட்டால் பெரும்பாலும் 1.75 பிட்ச் கொடுப்பார்கள். ஜப்பானிய, கொரிய வழி வந்த கார்களின் சேசிஸில் 1.25 அதிகம், ஐரோப்பியக் கார்களில் 1.5 அதிகம். இரண்டு சுற்று ஏறியபின் கன் வைத்து அடித்தால் எந்த பிட்ச்சும் ஏறிவிடும், உள் மரையை வெட்டிக்கொண்டு. தலையில் உள்ள எண்ணையும் பாருங்கள். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகா பாஸ்கல், அதில் எண்பது சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 10.9 என்றால் 1000, தொண்ணூறு சதவீதம். 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது. 12.9 போட்டால் இன்னும் நல்லதுதானே என்பார்கள். அதே டார்க்கில் பிடிப்பு கூடப்போவதில்லை, துருவும் கீறலும் அதை எளிதில் முறிக்கும். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது அதைவிட மோசம். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகா பாஸ்கலிலேயே நீளத் தொடங்கும். பழைய 10.9 போல்ட்டை பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்து ஜிங்க் முலாம் பூசிப் போடும் பழக்கமும் வேண்டாம். ஆசிட்டிலும் முலாம் பூசும்போதும் உள்ளே போகும் ஹைட்ரஜனைச் சூடாக்கி வெளியேற்றாவிட்டால், இறுக்கி ஒன்றிரண்டு நாளில் போல்ட் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

டார்க் எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுக்க வேண்டும். நான் இங்கே சொல்வது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்: சிறிய கார்களில் லோயர் ஆர்ம் போல்ட் பெரும்பாலும் 90 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள் வரும். பட்டறையில் 'பத்து கிலோ' என்று சொன்னால் அது 98 நியூட்டன் மீட்டர். எண்ணோடு '90 டிகிரி' என்று ஒரு கோணமும் கொடுத்திருந்தால், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இது சகஜம், அந்தக் கோணமும் கட்டாயம். அத்தகைய போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். மேனுவல் சொல்லாத இடத்தில் மரைக்கு கிரீஸ் தடவாதீர்கள். மரையும் நட்டின் அடியும் வழுவழுப்பானால் அதே 80 நியூட்டன் மீட்டருக்குப் பிடிப்பு 33-லிருந்து 48 கிலோ நியூட்டன் வரை ஏறலாம், 8.8 போல்ட்டுக்கு அது எல்லைக்கோடு. துருப்பிடித்து ஸ்லீவோடு ஒட்டிக்கொள்ளும் பயம் இருந்தால் மரையில்லாத தண்டில் மட்டும் மெல்லிய பூச்சு போதும். காதின் முகத்திலோ ஸ்லீவ் முனையிலோ ஒரு துளியும் படக் கூடாது, அங்கேதான் நமக்கு உராய்வு வேண்டும்.

ஏர் கன்னைப் பற்றி ஒரு வார்த்தை. கழற்ற அதைவிட நல்ல கருவி இல்லை. இறுக்கத் தொடங்கவும் பரவாயில்லை. முடிக்க மட்டும் கூடாது. காற்றழுத்தம், சாக்கெட், எக்ஸ்டென்ஷன் நீளம், எத்தனை நொடி பிடித்தார் என்பதைப் பொறுத்து அது கொடுக்கும் முறுக்கு எங்கேயோ போகும். ஸ்பேனர்மேல் ஏறி நிற்பதும் அதே ரகம்: அறுபது கிலோ ஆள் அரை மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் அது 294 நியூட்டன் மீட்டர். நல்ல கிளிக் வகை டார்க் ரென்ச் நான்கு சதவீதப் பிசகுக்குள் இருக்கும், அதன் அளவுகோலின் கீழ் ஐந்தில் ஒரு பங்கைத் தவிர்த்தால். எஸ்.ஜே.பி. ரோட்டில் அரை அங்குல டிரைவ் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். வேலை முடிந்ததும் ஸ்கேலை அதன் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதை வைத்து எதையும் கழற்றாதீர்கள், வருடம் ஒருமுறை காலிபரேஷனுக்குக் கொடுங்கள்.

பூட்டும் வேலைக்கு வருவோம். இதை நீங்களே செய்தாலும் சரி, பக்கத்தில் நின்று செய்யச் சொன்னாலும் சரி. ஜாக்கி வைப்பதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கழற்றுங்கள். காதின் உள்முகத்தில் ஸ்லீவ் உட்காரும் வளையத்தை மட்டும் வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். தடிமனான பெயின்ட், அண்டர்பாடி கோட்டிங், தார் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் வெளிமுகத்துக்கும் இதேதான். துரு வராமல் இருக்க, எல்லாம் பூட்டி முடித்தபின் வெளியே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். போல்ட்டை முதல் ஐந்தாறு சுற்று விரலால் ஏற்றி, ஸ்பேனரால் தொட்டும் தொடாமலும் நிறுத்துங்கள். இப்போது ஹப்புக்குக் கீழே அல்லது ஆர்மின் வெளி நுனியில் இன்னொரு ஜாக்கி வைத்து, எழுதி வைத்த அந்த அளவு வரும்வரை மெதுவாகத் தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அப்படியானால் அலைன்மென்ட் கடையில் வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, பள்ளத்தில் இறங்கி இறுக்குவதுதான் வழி.

இந்த ஒரு விஷயத்தைப் பல பட்டறைகள் பொருட்படுத்துவதில்லை. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்திலேயே பிணைக்கப்படுகிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு ஹம்ப்பிலும் இன்னும் முறுக்கும். ரப்பர் சீக்கிரமே கிழியும். அந்த முறுக்கு ஸ்லீவைச் சுழற்றப் பார்ப்பதால் போல்ட்டும் சீக்கிரம் கழலுமா? ஏற்கெனவே பிடிப்பு குறைந்த இணைப்பில் அது உதவி செய்யக்கூடும். முழுப் பிடிப்பில் இருக்கும் போல்ட்டை அது மட்டுமே கழற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

உயரம் வந்ததும் இரண்டு கட்டமாக இறுக்குங்கள்: முதலில் பாதி டார்க், பிறகு முழுது. தனி நட் இருந்தால் போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டைத் திருப்புங்கள். வெல்டு நட் என்றால் தலையைத் திருப்புவதைத் தவிர வழியில்லை. நிதானமான ஒரே இழுப்பு, கிளிக் கேட்டதும் கை நிற்க வேண்டும். உறுதிக்காக இன்னும் இரண்டு கிளிக் கொடுப்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி இறுக்குவதுதான். கடைசியாக, தலையின் ஒரு முனையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு இழுங்கள். அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்பதை அடுத்த முறை பள்ளத்தில் நின்றே பார்க்கலாம்.

லாக்கிங் இதற்கெல்லாம் பிறகுதான். கம்பெனி நைலான் வளைய நட் போட்டிருந்தால் புதிய நைலான் நட் போடுங்கள். விரலாலேயே நைலானைத் தாண்டிச் சுழன்றால் அந்த நட் தீர்ந்துவிட்டது என்று பொருள். மேலே மரை சற்று நசுக்கப்பட்ட முழு உலோக லாக் நட்டுக்கும் இதே விதி. உங்கள் வண்டியில் இருப்பது வெல்டு நட்டாக இருந்து, கூடுதல் காப்பும் வேண்டுமென்றால் நீல நிற, நடுத்தர வலிமையுள்ள லாக்டைட் 243 போதும். காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் திரவம் அது. மரையில் எண்ணெயும் ஈரமும் இல்லாமல் துடைத்து, நட்டுக்குள் போகும் மரைப்பகுதியில் மட்டும் சில துளிகள் விட்டு, உடனே முழு டார்க்குக்கு இறுக்கிவிட வேண்டும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், ஜிங்க் பூசிய போல்ட்டில் இன்னும் மெதுவாக. அதனால் சாயங்காலம் பூட்டி மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுப்பது உத்தமம். சிவப்பு 271 வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் எளிமையானது: அதைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும், பக்கத்திலேயே ரப்பர் புஷ் இருக்கிறது. சரிவுப் பற்கள் கொண்ட இரட்டை வாஷர்கள், நார்டு-லாக் என்ற பெயரில் வருபவை, நன்றாக வேலை செய்பவைதான். ஆனால் அவை நட் திரும்புவதைத்தான் தடுக்கும். பெயின்ட் நசுங்கியும் ஸ்லீவ் நசுங்கியும் போன பிடிப்பை அவையும் திருப்பித் தராது. வெல்டு பொட்டோ எந்த நிலையிலும் கூடாது. 10.9 போல்ட்டின் வலிமை அதைப் பதப்படுத்திய சூட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டு அந்த இடத்தைக் கெடுத்து, பக்கத்திலேயே முறுமுறுப்பான ஒரு வளையத்தை உண்டாக்கும். புஷ்ஷும் கருகும்.

வண்டி ஏறியிருக்கும்போதே மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் நட் லூஸ் ஆனால் சத்தம் வேறு மாதிரி: மெதுவாகக் கரடுமுரடான ரோட்டில் போகும்போது 'கட கட கட' என்று வரும், பிரேக்கோடு சம்பந்தம் இருக்காது. அதை இறுக்கும்போது நடுத்தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ளாவிட்டால் நட்டும் தண்டும் சேர்ந்து சுற்றும். இறுகியது போலத் தோன்றும். பால் ஜாயின்ட்டிலோ டை ராடு எண்டிலோ காட்டர் பின் (நட்டைப் பூட்டும் வளைகம்பி) போடும் காஸில் நட் இருந்தால், ஓட்டை நேராக வராதபோது இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பின்னை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஸ்ட்ரட்டின் கீழே உள்ள இரண்டு போல்ட்டில் தலைக்கடியில் வரிவரியாகப் பல் இருந்தால் தலையைத் திருப்பக் கூடாது, நட்டை மட்டும் திருப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அங்கே டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சரிசெய்தபின் டை ராடின் லாக் நட்டை இறுக்கினார்களா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவசரத்தில் அதிகம் விட்டுப்போவது இதுதான். அலாய் வீல் என்றால் வீல் நட்டை ஐம்பது, நூறு கிலோமீட்டரில் ஒருமுறை டார்க் பாருங்கள். லோயர் ஆர்மின் வெள்ளைக் கோட்டை முதலில் 200 கிலோமீட்டரிலும் பிறகு 1000 கிலோமீட்டரிலும், அதன்பின் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தால் போதும். லாக்டைட் போடாத போல்ட் என்றால் 200 கிலோமீட்டரில் அதே டார்க்கில் ரென்ச்சை வைத்து இறுக்கும் திசையில் ஒரு இழுப்பு இழுக்கலாம். அசையாமல் கிளிக் வந்தால் நல்லது. ஆனால் நின்றுபோன மரையை நகர்த்தக் கூடுதல் முறுக்கு வேண்டும் என்பதால், கொஞ்சம் குறைந்த பிடிப்பு இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். லாக்டைட் போட்டதை இப்படித் தொடவே கூடாது. இறுகிய படலம் உடைந்துவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து முதலிலிருந்து போட வேண்டும். கோடு உடைந்திருந்தாலோ, கிளிக் வருவதற்கு முன் போல்ட் பத்து டிகிரிக்கு மேல் திரும்பினாலோ, இறுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். கழற்றி, ஸ்லீவின் முனையையும் காதின் முகத்தையும் மறுபடி பாருங்கள். செந்தூள் புதிதாக வந்திருந்தால், உள்ளே வழுக்கல் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம்.